இரண்டு சென்டிமீட்டர்

மங்கோச்சிப் பாலத்தடியில்
நீரில் நட்டுவைத்த ஓர் அளவுகோல்.
காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை
அது என்ன சொல்கிறதென்று பார்த்து
லிவொண்டேவுக்குப் போன் செய்வது என் வேலை.
பேனாவும் நோட்டும் அலுவலகம் கொடுத்தது.
செருப்பு என் சொந்தச் செலவு.

பள்ளிக்கூட வரைபடத்தில்
ஏரி நீலமாய், நெடுக,
நாட்டின் பக்கவாட்டில் ஒரு கிழிசல் மாதிரி இருக்கும்.
எத்தனையோ ஆறுகள் அதற்குள் வந்து விழும்.
வெளியே போவது ஒன்றுதான்:
இதோ, என் காலடியில்,
ஷிரே.

ஒன்றுதான் என்று எழுதினால்
பரீட்சையில் மதிப்பெண் கிடைக்கும்.
கிரவாசியோ வேறு கணக்குப் போட்டுக் காட்டினான்.
ஏரிக்கு வருகிற தண்ணீரில்
ஐந்தில் நாலு பங்கை வெயில் குடித்துவிடுகிறதாம்.
பெரிய ஆறு மேலே போகிறது,
கரையில்லாமல், சத்தமில்லாமல், பெயரில்லாமல்.
வானம் குடித்துவிட்டு வைத்த மிச்சத்தைத்தான்
நாங்கள் ஆறு என்கிறோம்.

மிச்சமும் இல்லாத காலம் இருந்தது.
ஏரி இறங்கி, வாயில் மணல் அடைத்து,
இருபது வருடம்போல்
ஷிரே இங்கிருந்து புறப்படவே இல்லை.
ஆற்றின் படுக்கையில் மக்காச்சோளம் விளைந்ததாம்.
யாருடைய நிலம் என்று வழக்குக்கூட நடந்ததாம்.
ஆறு திரும்பி வந்தது;
வழக்கு தள்ளுபடி.

நேற்று மாலை
அளவுகோலுக்கும் எனக்கும் நடுவில்
ஒரு முதலை.
கட்டைபோல் கிடந்தது; கட்டையில்லை, கண் இருந்தது.
அரை மணி நின்றேன். கல் எறிந்தேன்.
அதற்கு அவசரம் இல்லை.
இருட்டியது.
காலையில் பார்த்தது இரண்டு மீட்டர் முப்பத்தெட்டு.
"இரண்டு நாற்பது" என்றேன் போனில்.
அதே எண்ணைச் சொன்னால்
பார்க்காமல் சொன்னது தெரிந்துவிடுமே.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
என் இரண்டு சென்டிமீட்டர்
ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.
முதலில் மலோம்பே,
ஆறு கொஞ்சம் கால் நீட்டிப் படுக்கிற இடம்.
ஆழமில்லை; பொய்யும் அங்கே தரை தட்டியிருக்கும்.
பிறகு, நீர்யானை முதுகுகளுக்கு இடையே நுழைந்து
லிவொண்டே தடுப்பணை:
என் சொல்லைக் கேட்டு
யாரோ ஒருவன் ஒரு மதகை
ஒரு விரற்கடை உயர்த்தியிருப்பான்.
அதன்பின் ஆறு நிதானம் இழக்கும்.
நுகுலா, டெட்சானி, கப்பிச்சிரா,
பாறைக்குப் பாறை தள்ளிவிட
விழுகிற இடத்திலெல்லாம்
ஒரு டர்பைன் அதைப் பிடித்து முறுக்கும்.
பிளான்டயரில் எங்கோ ஓர் அறையில்
பல்பு எரியும்,
இல்லாத தண்ணீரில்.

அதற்கும் கீழே எல்லாம் தட்டை.
சிக்வாவாவின் கரும்பு.
யானைச் சதுப்பு; யானை பேரில் மட்டும்.
நாணலுக்குள் வழி தெரியாத ஆறு
தன்னைத்தானே கேட்டுக் கேட்டு நடக்கும்.
அப்புறம் எல்லை, வேறு மொழி, வேறு காசு.
ஜாம்பேசி அதை வாங்கிக்கொள்ளும்,
எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காமல்.
கடைசியில் கடல்.
அவ்வளவு தூரம் போகுமா
என் சின்னப் பொய்?
யோசித்துக்கொண்டே கிடந்தேன். கொசு கடித்தது.

விடிந்ததும் ஓடினேன்.
முதலை இல்லை. சேற்றில் வயிற்றின் தடம் மட்டும்.
ஏரிமேல் புகை எழுந்தது; புகையில்லை,
பூச்சிகள், கோடிக்கணக்கில்,
தண்ணீரில் பிறந்து வானத்துக்குப் போகிறவை.
இரண்டு மீட்டர் முப்பத்தேழு.

"சைத்தூனி, ஒரே ராத்திரியில்
மூன்று குறைந்திருக்கிறதே" என்றான் கிரவாசியோ.
"வெயில்" என்றேன்.
"ராத்திரியிலா?"

நான் பேசவில்லை.
அந்தப் பக்கம்
அவன் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.